ஆத்துக்கு வெச்ச பொட்டு

— "ஆத்துக்கு யாரு மாமா பொட்டு வெச்சது?"ன்னு போன ஆடியில உங்க ஷகிலா கேட்டாளே, ஞாபகம் இருக்குங்களா நூர் பாய்?

— மறக்குமா மாதையா. அந்தப் பொட்டப் பாக்கக் குனிஞ்சுதான புள்ள தண்ணியில உழுந்தா. நீ குதிக்கலன்னா எனக்கு மக ஏது? ஒரு வேட்டி எடுத்துக் குடுத்தேன், அதயும் வேணாம்னுட்ட.

— அத உடுங்க. எங்கப்பன் செந்தூரத்த எண்ணெயில கொழைச்சுக் கரையோரக் கல்லுல வெச்ச பொட்டு அது. பொட்டு நனைஞ்சா பரிசல எறக்காதடான்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு. அறுபத்தொண்ணு வெள்ளத்துலகூட அது பொய் சொல்லல.

— இன்னைக்குப் போவாதப்பா. குடகுல பேய் மழையாம். மைசூர்ப் பக்கத்து லாரிக்காரரு பென்னாகரத்துல சொன்னாரு. அதான் விடியக்காலம் தொழுதுட்டு நேரா இங்க வந்தேன்.

— வளையலும் செந்தூரமும் விக்கிறவருக்கு ஆத்தப் பத்தி என்னங்க தெரியும்? வானம் தொடைச்சு வெச்ச மாதிரி இருக்குது. அக்கரையில என் புள்ளயத் தொட்டில்ல போடுற நாளு இன்னைக்கு. போவலன்னா மச்சானுங்க காலம் பூரா சொல்லிக் காட்டுவானுங்க.

— நுரையப் பாரு. எறும்பு உருண்ட உருண்டையா மெதந்து வருது.

— லாரி பேச்சு, எறும்பு பேச்சு எல்லாம் வேணாங்க. எனக்குப் பொட்டுதான் ரேடியோ.

— அப்ப அதையே பாத்துட்டுப் போ.

— இதோ... என்ன பாய் இது, பொட்டு பாதி முழுகிக் கெடக்குது. நேத்து சாயங்காலம் தண்ணிக்கு மேல ஒரு முழம் இருந்துச்சே.

— நனைஞ்சிருக்கில்ல. உக்காரு.

— தொவைக்கிற கல்லு காஞ்சுதான் கெடக்குது. தண்ணி ஏறவே இல்ல. பொட்டு மட்டும் எப்படி நனையும்?

— உங்கப்பன் பேச்சுலயே குறுக்குக் கேள்வி கேக்கறியா?

— இல்லீங்க. அவரு சொன்னா சொன்னதுதான். ஆனா எம்பொண்டாட்டி அக்கரையில வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா, பாய்.

— பாக்கட்டும். நாளைக்கு வந்து நிக்க நீ இருப்பியே. இந்தா, டீ குடி. வூட்ல போட்டுக் குடுத்தது.

— என்ன சத்தம் அது? லாரியா?

— ஆத்துக்கு மேல பாரு.

— ஆத்தா... மரமே வேரோட வருதே. தண்ணி ரத்தமாட்டம் இருக்குது. தொவைக்கிற கல்லக் காணோம், பாய்.

— பின்னால வா. இன்னும் பின்னால.

— இந்நேரம் நட்டாத்துல இருந்திருப்பேன். எங்கப்பன் காப்பாத்திட்டாரு.

— ஆமாப்பா. மொதல்ல பரிசல மேல இழு.

— ஒரு கை குடுங்க... ஏன் பாய், உங்க விரலெல்லாம் எண்ணெயும் செந்தூரமுமா இருக்குது?