பாதி முத்திரை

பரிசுக் கோப்பையைவிடப் பெரிய புன்னகையோடு வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! வழிகாட்டும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கண்ணில் லென்சும் கையில் இடுக்கியுமாய்க் காலம் கழிக்கும் தோழர்களே! வணக்கம்.

தலைவர்களின் தபால்தலையும் முத்திரையும் சேர்ப்பது வேலையற்றோர் வேலை என்றார்களே, இன்று தங்கப் பதக்கம் எங்கே மின்னுகிறது? இதோ, என் கையில்!

நம் நாட்டுத் தலைவியின் முகம் போட்ட தபால்தலை மேல், அவர் பிறந்த நூற்றாண்டன்று ஒரே ஒரு நாள் குத்தப்பட்ட சிறப்பு முத்திரையை அறிவீர்கள். அது விழுந்த தபால் உறை ஊரிலேயே ஒன்றுதான். வைத்திருந்தவர், சங்கத்தில் புதிதாய்ச் சேர்ந்த நம் தையற்காரர். அது இல்லையென்றால் தபால்தலைக் கண்காட்சியில் நம் 'தலைவர்கள்' தொகுப்புக்கு இடமே இல்லை.

மனிதர் என்ன செய்தார்? சாதாரணத் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்க நாம் கற்றுக்கொடுத்தோம் அல்லவா? இதையும் ஊறவைத்துவிட்டார்! "அண்ணே, துளிகூடக் கிழியல பாருங்க!" என்று பெருமையாய் நீட்டினார். தபால்தலையில் பாதி வட்டம். மீதி முத்திரை? உறையோடு போயிற்று. உறை? குப்பையில்! விஷயம் புரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. "இனிமே நான் சங்கத்துக்கு வரலண்ணே," என்றார்.

யாரங்கே சிரிப்பது? பொறுங்கள் ஐயா, கதை முடியவில்லை.

மறுநாள் அவர் மனைவி வந்தார். "இவர் குப்பையில போடுறத நான் என்னைக்கு விட்டிருக்கேன்? காயவச்சு, அதுக்குள்ள பட்டன் போட்டு வச்சிருக்கேன்," என்றார். மேசையில் உறையைக் கவிழ்த்தார், பட்டன்கள் உருண்டோடின. தபால்தலையை அதன் இடத்தில் வைத்தோம். வட்டம் கூடியது! நாள் கூடியது! தலைவியின் பெயர் கூடியது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நைசா ஒட்டிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் நம்மில் ஒருவர். பெயர் வேண்டாம், முன்வரிசையில்தான் இருக்கிறார். தையற்காரர் மறுத்தார்: "துணியில தையலை மறைப்பேண்ணே. இதுல மறைக்க மாட்டேன்." 'நாங்களே பிரித்தோம், நாங்களே சேர்த்தோம்' என்று கீழே எழுதிவைத்தோம். நடுவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பதக்கம் தந்தார்கள்.

தோழர்களே, முத்திரையில் பாதி தலைவியின் முகத்தில் விழுந்தது; பாதி வெறுங்காகிதத்தில் விழுந்தது. தலைவர் மட்டும் வரலாறா? அந்த வெறுங்காகிதம் நாம்! நாமும் சேர்ந்தால்தான் வட்டம் முழுமை! சேர்ந்தால்தான் பெயர் தெரியும்! சேர்ந்தால்தான் நாள் தெரியும்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. கைதட்டும் கைகளுக்கு என் வணக்கம். இந்தப் பதக்கம் சங்கத்துச் சுவருக்குப் போகாது. தங்கச்சி, உறையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பட்டன்களுக்கு ஒரு புது டப்பா வாங்கி வைத்திருக்கிறோம். பதக்கம் அதற்குள்தான் இருக்கப்போகிறது. உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மேடைக்கு வாருங்கள்!