என்னிடம் இருந்த பன்னிரண்டு சொற்கள்

ஒரே ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது நீங்கள் நினைப்பதுபோல் சுலபமான வேலை இல்லை ஐயா. எவ்வளவு அளந்து போட்டாலும் மிஞ்சிவிடும். மிஞ்சியதை மறுநாள் சுட வைத்துச் சாப்பிட வேண்டும். நான் பல காலம் அப்படித்தான் சாப்பிட்டேன். கல்யாணம் ஏனோ கூடிவரவில்லை. எங்கே போனாலும் எல்லாரும் என் தம்பியைத்தான் பார்த்தார்கள். அவன் லட்சணமானவன், கலகலப்பானவன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். நான் கடைசி அறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புவேன். ஊரில் பாதிப் பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. வேலை அப்படி, யாரிடமும் பேச வேண்டியதில்லை.

தம்பிக்குக் கம்ப்யூட்டர் வேலை. சம்பாதித்ததில் பெரும்பகுதியைக் கிரிப்டோ என்கிற இணையப் பணத்தில் போட்டு வைத்திருந்தான். அதற்கு வங்கி கிடையாது, பாஸ்புக் கிடையாது, நாமினி கிடையாது. விரல் நீளத்தில் ஒரு கருவி, இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள், அவ்வளவுதான். வரிசை மாறாமல் அடித்தால் திறக்கும். மாறினால் கடவுளே வந்தாலும் திறக்காது. ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான். அவன் எட்டிப் பார்த்தே வருஷக் கணக்காகியிருந்தது. ஏதாவது உதவி கேட்கத்தான் வந்திருப்பான் என்று நினைத்தேன். அப்படித்தான் வந்திருந்தான்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இது அவளுக்கும் பாப்பாவுக்கும் போகணும்ண்ணா. எங்கேயும் எழுதி வைக்கப் பயமா இருக்கு. முதல் பன்னெண்டு வார்த்தை அவளுக்கு. அடுத்த பன்னெண்டு உனக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்தாதான் திறக்கும்."

"என்னை நம்புறியா?" என்று கேட்டேன்.

"உன்னை நம்பாம வேற யாரை நம்புறது? நீ யார்கிட்டயும் பேசவே மாட்டியே" என்று சிரித்தான்.

என் பாதி, தமிழில் சொன்னால், குடை என்று தொடங்கும். பிறகு ஏணி, ஆடு என்று சம்பந்தா சம்பந்தம் இல்லாமல் போகும். நான் மறந்துவிடக் கூடாதென்று தினமும் சாயங்காலம் போன் செய்து ஒப்பிக்கச் சொன்னான். ஒப்பித்த பிறகு சாப்பிட்டாயா, கண் எரிச்சல் எப்படி இருக்கிறது என்று நாலு வார்த்தை பேசுவான். அவன் மகள், நாங்கள் பாப்பா என்போம், போனைப் பிடுங்கிக்கொண்டு, "பெரியப்பா, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சுவாள். சீக்கிரமே எனக்கு அது தலைகீழாகச் சொல்ல வந்துவிட்டது. "இனிமே கவலை இல்லண்ணா" என்றான். மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

கொஞ்ச நாள் பொறுத்து நானே கூப்பிட்டு, நடுவில் ஒரு சொல் நழுவுகிறது என்றேன். மறுபடியும் தினமும் போன் வந்தது. சரியாகச் சொன்னால் யாரும் நம்மைத் தேட மாட்டார்கள் என்று நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டது தப்பில்லையே.

தம்பி சாலை விபத்தில் போனான். நான் அழுதேன், அதில் பொய் இல்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, அந்தக் கருவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். தன் பாதியை அடித்துவிட்டு, "உங்க பாதியைச் சொல்லுங்க மாமா" என்றாள். பாப்பா பள்ளிக்கூடச் சீருடையின் கிழிந்த பையைத் தைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மூன்று பேருக்குச் சோறு வடித்து, மீன் வறுத்து வைத்திருந்தேன். பானையில் ஒரு பருக்கைகூட மிஞ்சாது என்று பார்த்ததுமே தெரிந்தது. சரியாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சொல்லிவிட்டால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிறகு என் வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை? ஏணி என்று ஆரம்பித்தேன்.

"பதட்டத்துல மறந்திருக்கும் மாமா. பரவாயில்ல, அடுத்த வாரம் வர்றோம்" என்றாள்.

வந்தார்கள். வாராவாரம் வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்வேன். கருவி தவறு என்று காட்டும். பிறகு சாப்பிடுவோம். பாப்பா மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். என் வீட்டில் மூன்று தட்டு கழுவும் சத்தம் கேட்டது ஐயா. அந்தச் சத்தத்துக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். இடையில் அவள் விவரம் தெரிந்த ஒருவனைப் போய்ப் பார்த்தாள். பன்னிரண்டு சொல்லும் தெரிந்து வரிசை மட்டும் குழம்பியிருந்தால் கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், சொற்களே மறந்திருந்தால் முடியாது என்று சொல்லி அனுப்பினானாம். அதுவரை நான் சொன்னதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் அன்றிலிருந்து மூன்று சொற்களை மறந்துபோய், அந்த இடத்தில் வேறு சொற்களை மாற்றி மாற்றிச் சொன்னேன்.

தவணை கட்ட முடியாமல் அவர்கள் வீடு கைவிட்டுப் போனது. என் வீட்டு மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். வாடகை வாங்கவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் இருந்த அந்த வருஷங்களில் நான் பழைய சோறு சாப்பிட்டதே இல்லை.

பிறகு தம்பி மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டது. வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, மாற்றிவிடலாம், ஆனால் செலவு அதிகம், நெடுநாள் அங்கேயே தங்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அழாமல்தான் கேட்டாள். "மாமா, இன்னைக்கு மட்டும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் நன்றாகத்தான் யோசித்தேன். அம்மாவும் பெண்ணும் அந்த ஊரில் வீடு பிடிப்பார்கள். உடம்பு தேறும். பாப்பா அங்கேயே படிப்பாள். நல்ல நாளுக்கு ஒரு போன் வரும். ஆடு என்று ஆரம்பித்தேன்.

இங்கேயே வைத்தியம் பார்த்தோம். ரத்தம் சுத்தம் செய்ய வாடகைக் காரில் கூட்டிப் போவேன், அது முடிந்து அவள் வெளியே வரும்வரை வாசலில் காத்திருப்பேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நர்ஸ்கள்கூட, சொந்த அண்ணன் இப்படிப் பார்க்க மாட்டார் என்றார்கள். கடைசி நாட்களில் அவள் தன் பாதியை மகளிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மறதி எனக்குக் கவலையா இருக்கு மாமா. அதை அப்படியே விட்டுடாதீங்க, டாக்டரைப் பாருங்க" என்றாள். எனக்காக அப்படிக் கவலைப்பட்டவர்கள் வேறு யாரும் கிடையாது. அவள் போனபோது நான் தம்பிக்கு அழுததைவிட அதிகம் அழுதேன்.

அதன் பிறகு நானும் பாப்பாவும். கல்லூரிக்குப் பணம் இல்லாமல் ஒரு துணிக்கடையில் நின்றாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என் எதிரில் கருவியுடன் உட்காருவாள். நான் சொல்வேன், அவள் அடிப்பாள். போன மாதம் ஒருநாள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"பெரியப்பா, நிஜமா மறந்தவங்க தப்பித் தவறியாவது ஒரு தடவை குடையை முதல்ல சொல்லியிருப்பாங்க. இத்தனை வருஷத்துல நீங்க மத்த எல்லாத்தையும் முதல்ல வெச்சுட்டீங்க. அதை மட்டும் வெச்சதே இல்ல."

நான் சோறு ஆறுகிறது என்றேன். அவள் அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். கத்தவில்லை, கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. அவள் தட்டு அப்படியே இருந்தது. மறுநாள் அவள் கொடுத்த புகாரோடு போலீஸ்காரர் நீங்கள் வந்தீர்கள்.

மறைக்க ஒன்றுமில்லை ஐயா. ஒரு சொல்கூட எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் அவர்கள் வீடு போயிருக்காது, பாப்பாவின் அம்மாவும் இருந்திருப்பாள். தெரிந்துதான் செய்தேன். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு காசு எனக்கு வேண்டாம், அன்றும் வேண்டாம், இன்றும் வேண்டாம். இப்போதாவது எழுதிக் கொடு என்கிறீர்கள். எழுத மாட்டேன், தம்பி அப்போதே எழுதக் கூடாதென்று சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதுதான் அவன் ஏற்பாடு. பாப்பாவை வரச் சொல்லுங்கள், அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவையே சரியாக வந்துவிடும் என்று மட்டும் அவள் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கும் வயதாகிவிட்டது, அவள் நாலைந்து முறை வர வேண்டியிருக்கும்.