உபதேசியாருக்கு அடித்த மணி

“என் வீட்டுக்காரர் சாவுக்குத் திருநாள் மணி அடிச்சுட்டாங்க.”

1950களில், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண் இப்படிச் சொன்னாள். பஸ் சூளகிரியில் ஆள் ஏற்ற நின்றிருந்தது. பக்கத்தில் அவள் தம்பி.

“யாரு அக்கா அடிச்சது?”

“மாதா கோயில் கூட்டுற அந்தோணி. துக்கத்துக்கு விட்டு விட்டு அடிக்கணும்னு அவனுக்குத் தெரியலை. மணிக்கயித்தை உன் மாமா யார் கையிலயும் குடுத்ததில்லையே. தள்ளியிருக்கிற காட்டுக்கொட்டாய்ச் சனமெல்லாம் திருநாள்னு நெனச்சுப் பூ வெச்சுக்கிட்டு வந்து நின்னுது.”

“ஜெபம் யார் சொன்னாங்க?”

“யாருக்கும் வரலை. ஊருக்கெல்லாம் ஜெபம் சொன்ன உபதேசியாரை ஒண்ணும் சொல்லாமத்தான் குழியில எறக்கினாங்க.”

“ரெண்டு பேரைப் பழக்கி வைன்னு பங்குச் சாமியார் மாசம் ஒருக்கா வரும்போதெல்லாம் சொல்லுவாராமே.”

“சொல்லுவாரு. பழக்கிட்டா அப்புறம் நான் எதுக்குன்னு இவரு எங்கிட்ட வந்து கேப்பாரு.”

பஸ் கிளம்பியது.

“மாமா இருந்திருந்தா அந்தோணியைச் சும்மா விட்டிருக்க மாட்டாரு.”

“ஆமா, நல்லா வைஞ்சிருப்பாரு” என்றாள் அவள். “சொல்லிக் குடுத்திருக்க மாட்டாரு.”