பின்னால் வரும் ஜீப்

பாலையூற்றுச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் தன் நண்பரிடம் மெல்லச் சொன்னார்.

“நேற்று இதிலதான் என்ர ஜீப்பின்ர எஞ்சினை நிப்பாட்டச் சொன்னவங்கள். நிப்பாட்டினால் சூடு ஆறும் வரைக்கும் ஸ்டார்ட் வராது. பெற்றோல் பம்ப் பழுது.”

“புது ஜீப்பெல்லோ?”

“ஓம். உள்ளுக்குப் பெற்றோல் மணம் வேற. குண்டெண்டு நினைச்சு நாலு ஆமிக்காரங்கள் சுடுறதுக்குத் துவக்கை நீட்டிப்போட்டாங்கள்.”

“அதுதான் பஸ்ஸில வந்தனீங்களோ? ஜீப் வீட்டிலயோ?”

“இல்லை. டவுனிலதான் திருத்த வேணும். புது டிரைவர் பின்னால கொண்டுவாறான்.”

“அவருக்கு இதைச் சொன்னனீங்களோ?”

“சொன்னால் வருவானோ?”

வரிசைக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. ஆமிக்காரன் கையைக் காட்டினான். எஞ்சின் சத்தம் நின்றது.