மழையிலேயே நடக்கட்டும் பந்தயம்

இந்தக் கூட்டத்தின் தலைவர் அண்ணன் சின்னராசா அவர்களே! நனைந்த தலையோடு நாற்காலி பிடித்திருக்கும் பெரியோர்களே! கூடையை இறக்கிய கையோடு குளிரையும் பாராமல் கூடியிருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் பீடியை மறைக்கும் வாலிபச் சிங்கங்களே! உங்கள் ஆண்டியப்பனின் அடக்கமான வணக்கம். "அடக்கமா? ஒங்களுக்கா?" என்று சிரிக்கும் காளியாயிக்குத் தனி வணக்கம்!

இந்த ஞாயிறு நம் வருடாந்தப் பந்தயம். டிக்கோயாவில் புறப்பட்டு, நஸார் பாய் தார் ரோட்டில் சைக்கிள் மிதிப்பார். நம் இராமையா தேயிலைக் குறுக்குப்பாதையில் வெறுங்காலோடு ஓடுவான். ஹட்டன் கடைத்தெருவை முதலில் தொட்டவருக்குக் கோப்பை. தலைவர் சொல்கிறார், "ஆனி மழை அடிச்சு ஊத்துது, தை மாசம் வச்சுக்குவோம்" என்று. தலைவரே, கொழுந்து பறிக்க மழை தடையில்லை. கோப்பைக்கு ஓட மட்டும் தடையா?

மழை யாரை விட்டது? ரோட்டில் சக்கரம் வழுக்கும். கடைத்தெருவில் லொறி மறிக்கும், குடை குத்தும், முட்டைக்கோவா இலை சறுக்கிவிடும். சிரிக்காதீங்க பாய், உங்களைத்தான் சொல்கிறேன்! இராமையாவுக்கு அட்டைக்கடி உண்டு, சேறு உண்டு, கண்ணைக் கட்டும் பனிமூட்டம் உண்டு.

சென்ற ஆண்டு அவன் தோற்றானா? இல்லை, அவையோரே! தோற்கடித்தவன் நான்! நம் தோட்டத்தைத் தாண்டும்போது உற்சாகமூட்டலாமென்று, விடியற்காலையில் வேலைக்குப் பெயர் பதிய ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பட்டையை எடுத்து, அதே அடி அடித்தேன். பனிக்குள் பாதை தெரியாதவன் பழகிய சத்தத்துக்குத் திரும்பிவிட்டான். பெரட்டுக் களத்தில் என் முன்னால் வந்து நின்றான்!

"அண்ணே, கணக்கப்பிள்ளை எங்க?"

"அட பாவி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடா!"

அதற்குள் பாய் கடைத்தெருவில் பிளேன்டீ குடித்து முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து லயத்து வீடுகளில் அவனுக்கு 'ஞாயித்துக்கிழமைப் பெரட்டு' என்று பெயர். ஊரைச் சிரிக்கவைக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும் நெஞ்சில் குத்துகிறது. ஓராண்டாக மழையிலேயே ஓடிப் பழகியிருக்கிறான். மழையில் வந்த பெயர் வெயிலில் ஜெயித்தால் போகுமா?

என்ன பாய், கையைத் தூக்குகிறீர்கள்?

"மழையிலேயே வைங்க தலைவரே! புது பிரேக் கட்டை போட்டுட்டேன்!"

கேட்டீர்களா? தலைவரும் தலையசைத்துவிட்டார்!

வரட்டும் மழை! வரட்டும் பனி! ஞாயிறன்று தப்பட்டையும் ஒலிக்கும். முகத்தைச் சுளிக்காதே இராமையா! இம்முறை பெரட்டுக் களத்தில் அல்ல, ஹட்டன் கடைத்தெருவில், வெற்றிக்கோட்டின்மேல் நின்று அடிப்பேன். கண் தெரியாவிட்டால் என்னடா, உன் காலுக்குக் காது இருக்கிறது. அதே அடிதான், ஓடி வா!

நனைந்தபடியே கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. கோட்டருகே சந்திப்போம், வணக்கம்!