அக்காவுக்கு ஒரு கீபோர்டு

தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலையில் பஸ் ஏறிய பெண் ஒருத்தி தன் தம்பியிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கு டக்டக்குன்னு சத்தம் போடுற கீபோர்டுதான் வேணும் மக்கா."

அவள் காதில் செவித்துணைக் கருவி இருந்தது. புதிதாய் வாங்கிய கம்ப்யூட்டர் கீபோர்டை மாற்ற நெய்யாற்றின்கரைக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்கு அந்த சத்தம் கேக்கவே கேக்காதே அக்கா!" என்றான் தம்பி உரக்க.

"விரலுக்குத் தெரியும்லா? கெட்டுப்போன பழையதுல அமுக்கும்போ ஒரு தட்டு உண்டு. எழுத்து விழுந்திட்டுன்னு தெரியும். இது சோத்த அமுக்குன மாதிரி இருக்கு. பாதி எழுத்து விழல்ல. பிரஸ்காரரு நேத்தும் நான் அடிச்சுக் குடுத்தத திருப்பி அனுப்பிட்டாரு. இப்பிடிப் போனா டைப் வேலையே போயிரும்."

"அப்பா கடலுக்குப் போயிட்டு வந்து பகல்லயாக்கும் உறங்குவாரு. நான் கார் ரேஸ் விளையாடும்போ எழும்பாண்டாம்னுதான் மெத்துன்னு உள்ளத வாங்குனேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"அப்போ, பழையதுல நான் அடிக்கும்போ?"

"தெனமும் எழும்புவாரு. அக்காட்ட சொல்லாண்டாம்னு சொல்லியிருந்தாரு."

பஸ் அமரவிளை தாண்டும்போது அவள் மடியிலிருந்த கீபோர்டைப் பைக்குள் திணித்தாள். பிறகு, "இதே இருக்கட்டும். திரும்பிப் போவோம்" என்றாள்.

"வேண்டாம். சத்தம் உள்ளதே வாங்குவோம். அடியில போர்வைய மடிச்சுப் போடுவோம். பகல்ல நான் விளையாடல்ல."

"இனி அப்பா எழும்புனா என்கிட்ட சொல்லணும்."

"சொல்லுதேன்" என்றான் மெதுவாக. அவளுக்குக் கேட்கவில்லை.

"சொல்லுதேன் அக்கா!" என்று பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி மறுபடி சொன்னான்.