ஏரி வரியான நாள்

“மாமா, இந்தப் பொட்டிக்குள்ள எந்த எழுத்து மாட்டிக்கினுக்குது?” என்று ஹேமாவதி ஒருமுறை கேட்டாள். இறால் பிடிக்கும் சிவசங்கருக்கும் திரௌபதிக்கும் ஒரே மகள், ஏழு வயது. எங்கள் மீனவர் சங்க அலுவலகத்தில் இருப்பது பழைய கணினி ஐயா, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து வடிவம் என்று அதற்கொரு பட்டியல் உண்டு. வடிவம் கிடைக்காவிட்டால் வெறும் கட்டம் தெரியும். அன்றே பட்டியலைத் திருத்தி, கட்டத்துக்குள் இருந்த ‘ஞ’வை அவளுக்குக் காட்டினேன். ஒரு பிள்ளை சிரிக்க அவ்வளவு போதும்.

முகத்துவாரத்தைத் தோண்டிய பிறகு தண்ணீர் ஏறும் நேரம் யாருக்கும் பிடிபடவில்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் எங்கள் திரையில் வரும் நீர் நிலவரத்தைப் பார்த்துத்தான் ஏரியில் இறங்குவார்கள். ‘வற்றம்’ என்றிருந்தால் மணல்திட்டு வரை நடக்கலாம். ‘ஏற்றம்’ என்றிருந்தால் கரையைவிட்டு நகரக் கூடாது.

சிவசங்கர் மனைவியை அடிப்பான். இரண்டுமுறை நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை அவள் காது கிழிந்திருந்தது. கோயிலில் நெடுநேரம் நின்றேன். அவளை விடுவிப்பது என் கடமை என்று பட்டது.

‘ஏ’வின் எண்ணுக்கு ‘வ’வின் வடிவத்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஏற்றம் வற்றமாகிவிட்டது. இறால் பிடிப்பவர்கள் எல்லோரும் காட்டூர்க் கல்யாணத்துக்குப் போன நாளாகத் தேர்ந்தெடுத்தேன். அவனை மட்டும் அங்கே யாரும் அழைக்கவில்லை. மற்றவர்களுக்குத் தீங்கு வரக் கூடாது, பாருங்கள்.

காலையில் டீசல் கேனோடு வந்த படகுக்காரன் தனசேகர் திரையைப் பார்த்தான்.

“இன்னா சார், ஏரிக்கும் வரி போட்டுட்டீங்களா?”

அதை நான் யோசிக்கவில்லை. திரையில் ‘பழவேற்காடு வரி’ என்றிருந்தது. அவன் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனான். ஏரியைத் திருத்தினால் ஏற்றமும் திரும்பிவிடும் என்று அப்படியே விட்டேன்.

பிறகு சிவசங்கர் வந்தான். பின்னால் திரௌபதி. பொன்னேரிச் சந்தைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

“சார், ஏரியே தப்பா கீது. தண்ணி வத்துதுனு போட்டுக்கிறது மட்டும் சரியா?” என்றாள்.

“அவருக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிடுச்சா? நட,” என்றான் அவன்.

அவள் நகரவில்லை. “நீங்க சொல்லுங்க சார். உங்க வாயால சொன்னா எறங்குறேன்.”

“வற்றம்தான்மா,” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவளிடம் நான் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

மாலையில் இருவரையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அங்கே ஓடியதால் அலுவலகத்தில் யாருமில்லை. ‘ஏ’வுக்கு அதன் வடிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான் பட்ட கடன் என்று ஒன்று இருந்தால், அது அந்த எழுத்துக்குத்தான். தீர்த்துவிட்டேன்.